ஆறாம் வேற்றுமையும் ஆம்பூர்த் தோலும்

(ஆம்பூரில் தமிழன்பர்கள் கூட்டிய திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'புவிசார் குறியீடு' என்னும் தொடரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஒரு தொடரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணலாம். சொல் வழுவினால் பொருள் வழுவும்; பொருள் வழுவினால் உரிமையும் வழுவும். நம் இனம் இழந்தவற்றுட் பெரும்பாலானவற்றை முதலிற் சொல்லளவில் இழந்து, பின்னரே கைப்பொருளளவில் இழந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகலின் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. நம் வாழ்வாராய்ச்சியும் ஆகும்.

அண்மையில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் தொகைநிலைத் தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். நூலிலுள்ள எடுத்துக்காட்டுகளையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனவே கரும்பலகையில் 'ஆம்பூர்ப் பிரியாணி' என்று எழுதி, விரித்துச் சொல்லுங்கள் என்றேன். பிரியாணி என்பது பாரசீகச் சொல். ஊன்சோறு என்பதே நம் சொல். ஆயினும் கடைப்பலகையில் அவர்கள் நாள்தோறும் காண்பதையே எழுதினேன். ஆனால் பலகை எழுதுவோர் விட்டுவிடும் 'ப்' என்னும் வல்லொற்றை விடாமல் எழுதினேன்.

ஒருவன் எழுந்து, "ஆம்பூரின்கண் ஆக்கிய பிரியாணி, ஐயா" என்றான். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை; சரி என்றேன். இன்னொருவன், "ஆம்பூரது பிரியாணி" என்றான். ஆறாம் வேற்றுமைத் தொகை. அதுவும் சரி என்றேன். மூன்றாமவன் சென்னைக்குப் போய் வந்தவன். "ஐயா, சென்னையில் தெருவுக்குத் தெரு இந்தப் பலகை தொங்குகிறது. அது ஆம்பூரில் ஆக்கியதுமன்று, ஆம்பூரார் ஆக்கியதுமன்று. ஆம்பூர்ப் பிரியாணி போன்ற பிரியாணி என்றுதானே அதை விரிக்க வேண்டும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூன்று சிறுவர்கள் ஒரு தொடரின் மூன்று நிலைகளை எனக்குக் கற்பித்துவிட்டார்கள்.

அப்பொழுது ஒரு சிறுமி எழுந்தாள். அவள் தாய் காலணித் தொழிற்சாலையில், தொழிலாளர் 'அப்பர்' என்று சொல்லும் மேற்றோலைத் தைப்பவர். "ஐயா, எங்கள் அம்மா தைக்கும் காலணிக்கு எந்த ஊர்ப்பெயர் வரும்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அவ்விடையைத்தான் இன்று உங்கள் முன் தேடப் போகிறேன்.

முதலில் அத்தொடரின் பொருளைக் காண்போம். நடுவண் அரசு 1999ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அது 2003ஆம் ஆண்டு செப்தம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தவர்கள் 'புவிசார் குறியீடு' என்றார்கள். அதன் பதிவகம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. அது நம் சென்னையில்தான் இருக்கிறது. முதற்பதிவு பெற்றது தார்சிலிங்குத் தேயிலை, அது 2004இல்.

சட்டம் சொல்வது இதுதான்: ஒரு பொருள் ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ ஊரிலோ தோன்றியதாக இருத்தல் வேண்டும். அதன் தரமோ, புகழோ, வேறொரு தன்மையோ முதன்மையாக அந்நிலத்தினால் அமைந்ததாக இருத்தல் வேண்டும். செய்பொருளாயின், ஆக்குதல், பதப்படுத்தல், அணியப்படுத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் அந்நிலத்திலேயே நடைபெறுதல் வேண்டும். அங்ஙனம் அமைந்த பொருளுக்கே அப்பெயர் உரியது. பிறர் அப்பெயரை இட்டு விற்றல் குற்றம். பதிவு பத்தாண்டுக் காலத்திற்குரியது. மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இச்சட்டத்தில் தமிழிலக்கணம் கற்றோர் உற்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரு நிறுவனம் தன் வணிகக்குறியை விற்கலாம், அடகு வைக்கலாம், பிறர்க்கு மாற்றிக் கொடுக்கலாம். நிலத்தின் பெயரால் வந்த இவ்வுரிமையையோ விற்கவும் இயலாது. அடகு வைக்கவும் இயலாது. மாற்றிக் கொடுக்கவும் இயலாது. நன்னூலார் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை இரண்டாகப் பகுத்தார் அல்லரோ? கண்ணனது வீடு என்பது பிறிதின்கிழமை; வீட்டை விற்றுவிட்டால் அது வேறொருவனது வீடு. கண்ணனது கை என்பது தற்கிழமை. கையை எவன் விற்பான்? வணிகக்குறி பிறிதின்கிழமை; நிலத்தின் பெயர் தற்கிழமை. உலக வணிக அமைப்பு 1995இல் அமைந்தபோது உடன்படிக்கையில் எழுதிக்கொண்ட கருத்தை, பவணந்தி முனிவர் வகுத்த இருகிழமைப் பாகுபாட்டைக் கொண்டு ஒரு சிற்றூர்ப் பள்ளிச் சிறுவனுக்கும் விளக்கிவிடலாம்.

இனி, 'புவிசார் குறியீடு' என்னும் ஆக்கத்தைப் பார்ப்போம். இதில் 'புவி' வடசொல். அதனால் மட்டும் நான் இதனைக் குறை கூறவில்லை. இத்தொடர் பொருளையும் மறைக்கிறது என்பதே என் முறையீடு. 'குறியீடு' என்றதும் மக்கள் அஞ்சற் குறியீட்டெண்ணைப் போன்ற ஒன்றை, அல்லது பொருளின்மேல் குத்தும் முத்திரையை எண்ணுகிறார்கள். செய்தித்தாள்களோ 'இப்பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது' என்று எழுதுகின்றன. யாரோ மேலேயிருந்து இரங்கி ஈந்த விருது போலவும், மார்பிற் குத்திய பதக்கம் போலவும் அது ஒலிக்கிறது. பதக்கம் பெற்றவன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு உறங்கலாம். உரிமை பெற்றவன் உறங்கலாகாது. வேலிக்குள் அயலான் மாடு புகாமற் காத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைச் சொல் உணர்த்தாவிட்டால் மக்கள் எங்ஙனம் உணர்வர்?

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? இருக்கிறது. தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களை வகுத்துச் சொல்லும்போது முதலில் வைத்தது நிலப்பெயர். அதன் பின்னரே குடிப்பெயரும் குழுவின்பெயரும் பிறவும் வருகின்றன. ஒருவனை அவன் நிலத்தால் அறிவதே முதலறிவு என்பது அவர்தம் கருத்துப்போலும். ஆகலின் 'நிலப்பெயருரிமை' என்று நான் சொல்ல விழைகிறேன். பெயர் என்னும் சொல்லும் அதிலிருக்கிறது. உரிமை என்னும் சொல்லும் அதிலிருக்கிறது. எவரும் அகரமுதலியைத் தேட வேண்டுவதில்லை.

இதற்கு ஒரு தடை எழும். 'தொல்காப்பியர் நிலப்பெயரை மக்கட்கன்றோ சொன்னார்? நீர் அதனைச் சோற்றுக்கும் தோலுக்கும் சொல்கிறீரே' என்று புலவர் ஒருவர் வினவலாம். அத்தடையே என் கருத்துக்கு அரண் செய்கிறது. ஒரு பொருளின்மேல் ஊர்ப்பெயர் ஏறும்போது அங்கே ஏறுவது மண்ணின் பெயர் மட்டுமன்று. அம்மண்ணில் அத்தொழிலை வழிவழியாகச் செய்த மக்களின் பெயர். சோறு தானே வேகாது. தோல் தானே பதப்படாது.

இவ்வழக்கம் நமக்குப் புதிதுமன்று. பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் குவிந்த பண்டங்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றையும் அதனதன் நிலத்தோடு சேர்த்தே சொல்கிறார். மேற்குமலையின் சந்தனமும் அகிலும், தென்கடலின் முத்தும், கீழ்கடலின் பவளமும், ஈழத்து உணவும் என இடமும் பொருளுமாகவே அடுக்குகிறார். கலிங்க நாட்டிலிருந்து வந்த ஆடையைக் கலிங்கம் என்றே அழைத்தனர். நிலத்தின் பெயர் நிலத்திலிருந்து வந்த பொருளுக்கு ஆகி வந்தது, இஃது இடவாகுபெயர்.

ஆனால் ஆகுபெயரில் ஓர் இடரும் உண்டு. பெயர் ஆகி ஆகி, பிறந்த ஊரையே மறந்துவிடும். கலிங்கம் என்றால் எந்நாட்டு ஆடையும் ஆயிற்று. கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியை ஆங்கிலர் அவ்வூர்ப் பெயரால் கலிக்கோ என்றனர். பின்னர் எங்கு நெய்தாலும் கலிக்கோதான். சென்னைத் துறையிலிருந்து சென்ற கட்டம் போட்ட கைத்தறித் துணிக்கு அமெரிக்காவில் 'மதராசு' என்றே பெயர். நம் நகரின் பெயர் 1996இல் சென்னை என மாறிய பின்னும் அத்துணியின் பெயர் அங்கே மாறவில்லை. பொதுப்பெயராகிவிட்ட ஊர்ப்பெயரைப் பதிவு செய்ய இயலாது என்று மேற்சொன்ன சட்டமே சொல்கிறது. பெயரைப் பிந்திக் காக்கப் புகுவார்க்குக் காப்பதற்கு ஒன்றுமிராது.

ஆகவே நம் வட்டாரப் பொருள்கள் மூன்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் பெயர்கள் எந்நிலையில் உள்ளன என்று பார்ப்போம்.

முதலாவது, வேலூர் முள்கத்தரிக்காய். இலவம்பாடிப் பக்கத்து உழவர்கள் தம் விதையைத் தாமே எடுத்து வைத்துக் காத்து வந்த காய் அது. 2023ஆம் ஆண்டில் அது பதிவு பெற்றது. முள்ளுக்கு அஞ்சாமற் பறித்தவர்களின் பெயர் காயோடு நிலைத்தது. இஃது ஆறாம் வேற்றுமை, வேலூரது கத்தரிக்காய்.

இரண்டாவது, ஆம்பூர்ப் பிரியாணி. ஆற்காட்டு நவாபுகளின் அடுக்களை வழியாக வந்தது என்பர். சீரகச் சம்பா அரிசியும், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும், உடன் வைக்கும் கத்தரிக்காய்த் தொடுகறியும் அதன் அடையாளங்கள். இதே சோறு திண்டுக்கல்லில் வேறொரு சுவை. அருகிலுள்ள வாணியம்பாடியில் பிறிதொரு சுவை. ஒரே பொருள் ஊருக்கு ஊர் கொள்ளும் இவ்வேறுபாட்டை 'ஊர்வகை' என்று அழைக்கலாம். ஊர்வகை என்பது பொருளைக் குறிக்கும் சொல். நிலப்பெயருரிமை என்பது அப்பொருளின் பெயர்மேல் அவ்வூரார்க்குள்ள உரிமையைக் குறிக்கும் சொல். இரண்டையும் குழப்புதல் ஆகாது. ஆம்பூர் ஊர்வகை உண்டு. ஆனால் அப்பெயர் நாடெங்கும் பரவி, அந்த மாணவன் சொன்னது போல் உவமைத்தொகை ஆகிக்கொண்டிருக்கிறது. நம்மூர்ச் சோறு புகழ் பெற்றது என்று நாம் மகிழ்கிறோம். நம்மூர்ப்பெயர் பொதுப்பெயராகி வருவதை மறக்கிறோம்.

மூன்றாவது, தோல். இதுவே என் நெஞ்சை உறுத்துவது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களுக்கெல்லாம் சோறிடுவது தோல். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காகக் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவது பழைய முறை. ஆவாரை நம் புறம்போக்கிற் பூத்துக் கிடக்கும் செடி; கடுக்காய் நம் மலைக்காய்; நீர் நம் ஆற்று நீர்; கை நம் மக்கள் கை. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், ஈரோடு, வேலூர்ப் பக்கங்களில் இங்ஙனம் பதப்பட்ட தோல் இலண்டன் அங்காடிக்குச் சென்றது. அங்கே அதற்கு வைத்த பெயர் என்ன? 'ஈசுட்டு இந்தியா' தோல், கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக 'ஈ.ஐ.' தோல்.

கிழக்கிந்தியா என்பது எந்த ஊர்? எந்தத் தமிழன் தன் ஊரை அப்பெயரால் அழைத்தான்? கடல் கடந்து வந்த வணிகன் தன் கணக்கேட்டில் எழுதிக்கொண்ட திசைப்பெயர் அது. அதே பெயரைத் தாங்கி நம்மை அடிமைகொண்ட கும்பினி 1874இல் கலைந்து போயிற்று. ஆனால் நம் தோல்மேல் அப்பெயர் கலையவில்லை. 2007–08ஆம் கணக்காண்டில் நிலப்பெயருரிமைப் பதிவேட்டில் அத்தோல் ஏறியபோதும் 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரோடுதான் ஏறியது. பதிவு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்காடியில் எப்பெயர் புகழ் பெற்றதோ அப்பெயரைத்தான் சட்டம் காக்கும். ஆயினும் ஆவாரம்பட்டையின் மணம் வீசும் பொருளுக்கு ஆவாரை பூத்த ஊரின் பெயர் இல்லையே என்னும் ஏக்கம் தமிழனுக்கு எழாதா?

பிற நாட்டார் தம் தோலுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எசுப்பானிய நாட்டிலே கொர்தோபா என்றொரு நகர். அங்குப் பதப்படுத்திய தோல் இடைக்காலத்தில் ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றது. கொர்தோவன் என்பது இன்றும் ஒருவகைத் தோலின் பெயர். ஆங்கிலத்தில் காலணி செய்வோனைக் குறிக்கும் 'கார்டுவெயினர்' என்னும் பழஞ்சொல்லும் அந்நகர்ப் பெயரிலிருந்து பிறந்ததே. மொரோக்கோ நாட்டின் பெயரால் நூலட்டைக்குரிய ஆட்டுத்தோல் அறியப்படுகிறது. அவர்கள் தோலுக்கு ஊரும் நாடும் பெயரளித்தன. நம் தோலுக்கு ஒரு கும்பினியின் கணக்கேடு பெயரளித்தது.

ஏன் இந்நிலை? அயலான்மேல் பழிபோட்டுவிட்டு அமைதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. நாமே நம் தோலுக்குப் பெயர் வைக்கவில்லை. தோலைத் தொட்டவனைத் தீண்டாதான் என்றோம். அவன் தெருவை ஊருக்கு வெளியே வைத்தோம். அவன் செய்த செருப்பைக் காலில் அணிந்துகொண்டு, அவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். ஊருக்குள் இடமளிக்காதவன் செய்த பொருளுக்கு ஊர்ப்பெயரை எங்ஙனம் அளித்திருப்போம்? பட்டுக்குக் காஞ்சிபுரத்தின் பெயர் வந்தது, சுங்குடிக்கு மதுரையின் பெயர் வந்தது, தோலுக்கு வரவில்லை. நாம் விட்ட வெற்றிடத்தில் வந்து அமர்ந்ததே கிழக்கிந்தியப் பெயர். சாதி இழிவு நம் மக்களின் உள்ளத்தை மட்டும் சிதைக்கவில்லை; நம் பொருளின் பெயரையும் பறிகொடுக்கச் செய்தது. இதனை ஒப்புக்கொள்ளாத தமிழ்ப்பற்று முழுப்பற்றாகாது.

இன்னுமொன்று சொல்கிறேன், இதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோலோடு நம் ஊர்ப்பெயர் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. அது சட்டநூல். பாலாறு தோற்கழிவால் கெட்டது, கிணறுகள் கெட்டன, நிலம் உப்பாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நயன்மன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28இல் தீர்ப்புரைத்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருவா ஒறுப்புத்தொகை விதித்தது. சுற்றுச்சூழற் சட்டம் கற்போர் இன்றும் அவ்வழக்கை 'வேலூர் வழக்கு' என்றே படிக்கின்றனர். 2025 சனவரியிலும் அந்நயன்மன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. பொருள் விற்ற இடத்தில் கிழக்கிந்தியாவின் பெயர். நீர் கெட்ட இடத்தில் வேலூரின் பெயர்! ஊதியம் வேறு பெயரிற் சென்றது. கேடு மட்டும் நம் பெயரில் நின்றது.

இதனால் நாம் அறிய வேண்டியது யாது? ஊர்ப்பெயரை ஏற்பவன் ஊரின் நீரையும் ஏற்றல் வேண்டும். ஆம்பூரது தோல் என்று சொல்ல விரும்புவோர், பாலாற்றையும் எமது என்று சொல்லிக் காத்தல் வேண்டும். கிழமை என்பது உடைமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

நிலப்பெயர் வெறும் ஒலிதானே, அதற்கு இத்துணை முழக்கமா என்று கேட்பாரும் உளர். அவர்கள் ஈகி சங்கரலிங்கனாரை நினைக்கட்டும். இந்நிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்பதைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து விருதுநகரில் உண்ணா நோன்பிருந்து, 1956ஆம் ஆண்டு அத்தோபர் 13இல் உயிர்நீத்தார் அப்பெரியார். 1969 சனவரியில் அப்பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பெயருக்காக ஒருவர் உயிரையே ஈந்த மண்ணில், பெயரைக் காப்பதற்குச் சில விண்ணப்பங்களை எழுத நாம் சோம்பலாமா?

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பில் அவளிடம் நான் சொன்ன விடை இதுதான்:

"அம்மா, உன் தாய் தைக்கும் காலணி இன்று ஏழாம் வேற்றுமையில் இருக்கிறது. அது ஆம்பூரின்கண் செய்த காலணி. அயல்நாட்டான் வரைந்து கொடுத்த வடிவில், அவன் வணிகக்குறியோடு, அவன் கடைக்குப் போகிறது. ஆம்பூரில் செய்தது என்பதனால் மட்டும் அஃது ஆம்பூரது ஆகிவிடாது. ஊரிற் செய்த பொருள் வேறு. ஊர்வகைப் பொருள் வேறு. ஆம்பூருக்கே உரிய தன்மை ஒன்று அதில் அமைந்து, அதனை உலகம் அறியும் நாளில்தான் அஃது ஆறாம் வேற்றுமை ஆகும்."

அவள் விடவில்லை. "தொழிற்சாலையில் பொறி கொண்டு செய்வதற்கும் அது வருமா, ஐயா?" என்றாள். வரும் என்றேன். கோயம்புத்தூர் மாவரைக்கும் பொறி 2005–06இலேயே பதிவு பெற்றது. திண்டுக்கல் பூட்டு 2019இல் பெற்றது. பட்டும் மல்லிகையும் மட்டுந்தான் நிலத்தின் பெயருக்கு உரியன என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இரும்புக்கும் கல்லுக்கும் வந்தது தோலுக்கும் வரும்; வரச் செய்பவர் வேண்டும்.

ஆகலின், தோழர்களே, மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைத்து அமைகிறேன்.

முதலாவது, சொல்லைத் திருத்துங்கள். பொருளின் வேறுபாட்டுக்கு ஊர்வகை என்றும், பெயரின் உரிமைக்கு நிலப்பெயருரிமை என்றும் எழுதுங்கள், பேசுங்கள். 'கிடைத்தது' என்னாமல் 'பதிவு செய்துகொண்டனர்' என்று எழுதுங்கள். செய்தவர் யார் என்பது அவ்வினைமுற்றிலேயே விளங்கட்டும்.

இரண்டாவது, தோல் மண்டிகளிலும் பட்டைக் குழிகளிலும் உழைத்து ஓய்ந்த முதியவர்களிடம் செல்லுங்கள். பட்டையின் வகைக்கும், ஊறலின் பருவத்துக்கும், வழிக்கும் கத்திக்கும், தோலின் குற்றங்களுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். குரோமிய முறை வந்த பின் அச்சொற்கள் மறைந்து வருகின்றன. ஓர் ஊர்வகைக்குச் சான்று கேட்கும்போது பதிவகம் பழமையைக் கேட்கும். அப்பழமை அம்முதியவர் நாவில் இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு புறப்பட்டால் ஓராண்டில் ஒரு கலைச்சொற்றொகுதி ஆகிவிடும்.

மூன்றாவது, தொழில் நடத்துவோரும் தொழிலாளரும் கூடி அமருங்கள். உரிமை தனியொருவர்க்கு உரியதன்று; அத்தொழில் செய்வார் அனைவர்க்கும் உரியது. பதிவேட்டில் முதலாளியின் பெயர் மட்டுமன்றி, தோலை நனைத்த கையும் தைத்த கையும் இடம்பெற வழி காணுங்கள். ஆற்றைக் கெடுக்காத முறையையே ஆம்பூர் முறை என்று உலகம் அறியச் செய்யுங்கள்.

அச்சிறுமி வளர்ந்து, தன் பிள்ளைக்கு வேற்றுமைத் தொகை சொல்லிக் கொடுக்கும் நாள் வரும். அன்று 'ஆம்பூர்த் தோல்' என்று அவள் எழுத, அதனை 'ஆம்பூரது தோல்' என்று அப்பிள்ளை தயங்காமல் விரிக்க வேண்டும். அந்த 'அது' உருபைத் தேடிக் கொடுப்பது நம் தலைமுறையின் கடன்.

 தமிழ் வெல்க!